சுவை என்ற கட்டம்

மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
சதை பிரிக்கும் மேசைகளுக்கு அப்பால்
கண்ணாடிக் கதவுக்குள் என் வேலை.
அவித்ததில் ஒரு துணுக்கு எடுத்து
நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத்
தாளில் குறிக்க வேண்டும்:
நிறம், மணம், சுவை.

சுவைக்கு நேரே அச்சடித்த நான்கு சொற்கள்.
முதலாவது ஸ்வீட்.
மூன்று வருடமாக அதற்குத்தான் டிக் போடுகிறேன்.
ஒரு நாளும் எனக்கு நண்டு இனித்ததில்லை.

ஸ்வீட் என்றால் எனக்கு
ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில்
நூல் கட்டிக் கொடுக்கும் அட்டைப்பெட்டி,
அடியில் நெய் ஊறியது.
வேலை கிடைத்தால், கேஸ் ஜெயித்தால்.
என்னைப் பார்க்க வந்தவர்களும் அரைக் கிலோ கொண்டுவந்தார்கள்.
"பொண்ணு ஸ்வீட்டா பேசுது" என்றார்கள்.
எங்கள் முறுக்கையும் தின்றுவிட்டுப் போய்
போனை எடுக்கவேயில்லை.

ஆறாவது மேசையில் சீனி ஆசியா.
பெயரில் இருப்பது ரத்தத்திலும் இருப்பதாக
உச்சிப்புளி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
"சுகர்னா நோவு. சீனின்னா நான்.
ஸ்வீட்டுன்னா என்னாடி, நண்டா?"
கேட்கும்போதும் அவள் விரல் நிற்காது,
ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கொச்சியிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை.
அவரிடம் கேட்டேன்.
"சர்க்கரை இல்லைம்மா.
கெடலைன்னு சொல்றதுக்கும் அந்த வார்த்தைதான்.
திரியாத பால் ஸ்வீட்.
கரிக்காத தண்ணி ஸ்வீட்."

கரிக்காத தண்ணி.
அதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது.
அலையிலிருந்து நாற்பது எட்டு தள்ளி
மணலைத் தோண்டிக் காத்திருந்து
சிரட்டையால் மொண்டு ஊற்றுவது
நல்ல தண்ணி.
அதில் இனிப்பு எங்கே இருக்கிறது?
உப்பு இல்லை, அவ்வளவுதான்.
அதே உப்பு இல்லையென்றால் குழம்பை
வாயில் வைக்க முடியாது.
நல்ல என்ற சொல்லையும் ரொம்ப நம்ப முடியாது.
கடித்தால் பிழைக்காத பாம்புக்கும்
அதைத்தான் வைத்திருக்கிறோம்.

மறுநாள் துணுக்கைத் துப்பாமல் வைத்திருந்தேன்.
முதலில் வெறும் கடல்.
கடல் போன பிறகு,
விழுங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்,
நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒன்று.
இளநீர் குடித்த டம்ளரைக் கழுவாமல்
அதிலேயே தண்ணீர் குடித்தாற்போல.
இதையா மூன்று வருடமாக
ருசி பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தேன்!

வைகாசியில் கச்சான் ஏறிய வாரம்
வத்தைகள் ஒரு நாள் பிந்தி வந்தன.
பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது.
லாட் இருநூற்றுப் பன்னிரண்டு:
சீனி ஆசியாவின் மகன் கலந்தர் வலையில் பட்டது.
நாக்கில் வைத்தேன்.
அடிநாக்கில் சுரீரென்று ஒரு காந்தல்.
நாலாவது சொல் அதற்கென்றே இருந்தது.
அதற்கு டிக் போட்டால் மொத்தமும் குழிக்குப் போகும்.

கண்ணாடிக்கு வெளியே
அவள் நிமிரவில்லை.
விரல் மட்டும் நின்றிருந்தது.

இரண்டாவது சொல்லுக்கு டிக் போட்டேன்.
சப்பென்று இருப்பதற்கான சொல்.
கிலோவுக்கு அறுபது ரூபாய் போகும்,
குழிக்குப் போகாது.
பேனாவை மூடியில் செருக
இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

டீ நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
கலந்தரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
சீனி போடாத டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.
பிறகு தன் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.
"ஊத்துல எடுத்தது. நல்ல தண்ணி. குடி."

குடித்தேன்.
லேசாகக் கரித்தது.
"நல்லாருக்கு" என்றேன்.